டாக்சி ஓட்டுவதைத் தொழிலாக எடுக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை போய்விட்டது, கையில் லைசென்ஸ் இருக்கிறது, டாக்சி ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்பவர்கள் நிறையப் பேர். பல வருடமாக ஓட்டுகிறவன் என்பதால் என்னிடம் வந்து கேட்கிறார்கள், எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள், அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். சட்டமும் கட்டணமும் ஊருக்கு ஊர் மாறும், அதற்குள் நான் போகவில்லை. எங்கே ஓட்டினாலும் மாறாத விஷயங்கள் மட்டும்தான் இங்கே.

நன்றாக வண்டி ஓட்டத் தெரியும். அது போதாதா?

போதாது. ஓட்டுவது இந்த வேலையில் பாதிகூட இல்லை. எங்கே போய் நிற்பது, எந்தச் சவாரியை விட்டுவிடுவது, வண்டியில் வரும் சின்னச் சத்தத்தை எப்போது மெக்கானிக்கிடம் காட்டுவது, முன்பின் தெரியாத ஆளோடு ஒரு மணி நேரம் அடைபட்ட இடத்தில் சண்டை வராமல் எப்படி இருப்பது, ராத்திரி வீட்டுக்கு வந்ததும் கணக்கு எழுதுவது, இதெல்லாம் சேர்ந்ததுதான் தொழில்.

அப்புறம், ஓட்டுகிற விதமே வேறு. சொந்த வேலையாகப் போகும்போது நாம் பிரேக் போடுவது நமக்குத் தெரியும், உடம்பு தானாகத் தயாராகிவிடும். பின்சீட்டில் போனைப் பார்த்துக்கொண்டு வருபவருக்கு அது தெரியாது, ஒவ்வொரு பிரேக்குக்கும் தலை முன்னே போய் வரும், பத்து நிமிடத்தில் அவருக்குக் குமட்ட ஆரம்பிக்கும். உங்களைச் சோதித்துப் பார்க்க ஆசையா? நண்பர் ஒருவரைப் பின்னால் உட்கார வைத்து, நெரிசலில் அரை மணி நேரம் போனில் எதையாவது படித்துக்கொண்டே வரச் சொல்லுங்கள். இறங்கும்போது அவர் முகம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

என்ன உரிமம் வேண்டும்?

பெரும்பாலான நாடுகளில் சாதாரண லைசென்ஸ் போதாது, கூலிக்குப் பயணிகளை ஏற்ற தனி அனுமதி வேண்டும். ஜப்பானில் இதற்கென்றே இரண்டாம் வகை லைசென்ஸ் என்று ஒன்று இருக்கிறது. போலீஸ் சரிபார்ப்பு, மருத்துவச் சான்று, குறைந்தபட்ச வயது, வண்டிக்குத் தனி பெர்மிட், வணிகப் பயன்பாட்டுக்கான இன்சூரன்ஸ் என்று ஏதாவது ஒரு வடிவத்தில் எல்லா இடத்திலும் இருக்கும். இதில் இன்சூரன்ஸை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: சொந்த உபயோகத்துக்கு என்று எடுத்த பாலிசியை வைத்துக்கொண்டு சவாரி ஏற்றினால், விபத்து நடந்த அன்று கம்பெனி கையை விரித்துவிடலாம். பிரீமியத்தில் மிச்சம் பிடிக்கிறேன் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

உண்மையில் கையில் எவ்வளவு நிற்கும்?

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள், ஆனால் கேட்கும் விதம் தவறு. 'ஒரு நாளைக்கு எவ்வளவு வரும்' என்று கேட்கிறார்கள். வருவது பெரிய தொகையாகத்தான் தெரியும், அதைப் பார்த்துத்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். கேட்க வேண்டியது, ஒரு கிலோமீட்டர் ஓட உங்களுக்கு என்ன செலவாகிறது, ஓடுகிற கிலோமீட்டரில் எத்தனைக்குக் காசு வருகிறது என்பதுதான்.

இரண்டாவதை முதலில் பார்ப்போம். பயணியை இறக்கிவிட்டு அடுத்தவரை ஏற்றும் வரை ஓடுவதெல்லாம் காலி ஓட்டம். டீசல் எரியும், டயர் தேயும், மீட்டர் ஓடாது. இது எவ்வளவு பெரிய ஓட்டை என்று புதிதாக வருபவர்களுக்குத் தெரிவதில்லை. ஜட் கிராமர், ஆலன் குரூகர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2016-ல் அமெரிக்க நகரங்களின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் சாதாரண டாக்சிகள் ஓடிய தூரத்தில் சுமார் 41 சதவீதத்தில்தான் உள்ளே பயணி இருந்தார், உபர் வண்டிகளில் அது 64 சதவீதம். நல்ல நிலையில் இருந்த உபரிலேயே மூன்றில் ஒரு பங்கு தூரம் வெறும் வண்டி என்றால், மற்றவர்கள் பாடு என்ன என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கு இப்படி வரும். நாள் முழுக்க 200 கிலோமீட்டர் ஓடினீர்கள், அதில் 120-ல் பயணி இருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். காசு வந்தது 120-க்கு, செலவானது 200-க்கு. அதாவது கிலோமீட்டருக்கு 10 வாங்கினாலும் உங்கள் உண்மையான வரவு 6 தான். அந்த 6-லிருந்துதான் எரிபொருள், ஆப் கம்பெனியின் கமிஷன், டோல், பார்க்கிங், சர்வீஸ், டயர், பிரேக் பேட், இன்சூரன்ஸ், பெர்மிட், கடன் இருந்தால் மாத ட்யூ எல்லாம் போக வேண்டும்.

எல்லோரும் மறக்கிற செலவு ஒன்று உண்டு, அது வண்டி தேய்கிற செலவு. இன்று உங்கள் பாக்கெட்டிலிருந்து போகாததால் அது செலவாகவே தெரியாது. ஆனால் டாக்சியாக ஓடும் வண்டி, வீட்டுக் கார் பல வருடம் ஓடும் தூரத்தை இரண்டே வருடத்தில் ஓடி முடித்துவிடும், விற்கப் போனால் வாங்குபவர் முதலில் பார்ப்பது ஓடோமீட்டரைத்தான். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இவ்வளவு என்று தனியாக எடுத்து வைக்காதவர், தன் வண்டியையே கொஞ்சம் கொஞ்சமாக விற்றுச் சாப்பிடுகிறார், அது அவருக்குத் தெரிவது கியர்பாக்ஸ் போகிற அன்றைக்குத்தான்.

ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் போதும். காலையில் ஓடோமீட்டர் எண், இரவில் ஓடோமீட்டர் எண், பயணியோடு ஓடிய தூரம், வரவு, எரிபொருள், மற்ற செலவு, எத்தனை மணிக்கு ஆரம்பித்து எத்தனை மணிக்கு முடித்தோம். ஒரு மாதம் இதை விடாமல் எழுதியவருக்கு என் அறிவுரை எதுவும் தேவைப்படாது.

சொந்தமாக வண்டி வாங்கட்டுமா, வாடகைக்கு எடுக்கட்டுமா?

முதலில் வாங்காதீர்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சம்பளத்துக்கோ, நாள் வாடகைக்கோ, வரவில் பங்குக்கோ யாருடைய வண்டியையாவது மூன்று நான்கு மாதம் ஓட்டுங்கள். மழைக்காலம் ஒன்றும் பண்டிகை விடுமுறை ஒன்றும் அதற்குள் வந்துபோனால் இன்னும் நல்லது. வாடகை வண்டியில் மிஞ்சுவது குறைவுதான், ஆனால் ஒத்துவரவில்லை என்றால் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். கடனில் வாங்கிய வண்டி அப்படி விடாது. ட்யூ தேதி நெருங்க நெருங்கத் தூங்காமல் ஓட்டுவீர்கள், கிடைத்த சவாரியையெல்லாம் ஏற்றுவீர்கள், அப்போது தொழிலை நடத்துவது நீங்கள் இல்லை, கடன்தான்.

கடன் எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதற்கு நியூயார்க் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே 1937-ல் ஹாஸ் சட்டம் என்று ஒன்று வந்தது. தெருவில் கை காட்டி நிறுத்துபவரை ஏற்ற ஒவ்வொரு மஞ்சள் டாக்சிக்கும் மெடாலியன் என்ற உலோகத் தகடு வேண்டும், அந்தத் தகடுகளின் எண்ணிக்கைக்கு வரம்பு. எண்ணிக்கை கூடாததால் விலை மட்டும் ஏறிக்கொண்டே போனது, 2014 வாக்கில் ஒரு மெடாலியன் பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. ஓய்வுக்காலத்துக்குச் சொத்து என்று நம்பி, பெரும்பாலும் வெளிநாடுகளிலிருந்து குடியேறிய ஓட்டுநர்கள் கடன் வாங்கி வாங்கினார்கள். ஆப் வண்டிகள் பெருகியதும் விலை சரிந்து விழுந்தது, கடன் மட்டும் அப்படியே நின்றது. 2018-ல் அடுத்தடுத்து ஓட்டுநர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். 2021-ல் ஓட்டுநர்கள் நகர மன்றத்துக்கு வெளியே உண்ணாவிரதம் இருந்த பிறகுதான் கடன் குறைப்புக்கு வழி பிறந்தது. 'விலை ஏறிக்கொண்டேதான் இருக்கும்' என்று யாராவது உங்களிடம் பெர்மிட்டோ வண்டியோ விற்க வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆப்பில் ஓட்டுவதா, ஸ்டாண்டில் நிற்பதா?

இரண்டிலும் ஒரு காலை வைத்திருப்பதுதான் புத்திசாலித்தனம். ஆப்பில் பயணி தானாக வருவார், காலி ஓட்டம் குறையும், ராத்திரியில் ஏறுவது யார் என்று ஒரு பதிவு இருக்கும். ஆனால் கட்டணம் உங்கள் கையில் இல்லை, கமிஷன் உங்கள் கையில் இல்லை, ஐ.டி.யை ஒரு நாள் பிளாக் செய்துவிட்டால் யாரைப் போய்க் கேட்பது என்றும் தெரியாது. ஸ்டாண்டில் உங்களுக்குக் கூட்டம் இருக்கும், அவசரத்துக்கு ஆள் இருக்கும், கூடவே வரிசையும் இருக்கும். விமான நிலைய வரிசையில் இரண்டு மணி நேரம் இஞ்ச் இஞ்சாக நகர்ந்து முன்னே வந்து, பெரிய பெட்டியோடு ஒருவர் ஏறி, பக்கத்து ஓட்டலின் பெயரைச் சொல்வார். சிரித்துக்கொண்டே போய் இறக்கிவிட வேண்டும். பெட்டியையும் எடுத்து வைக்க வேண்டும்.

ஆப் விஷயத்தில் ஒரு சட்டச் சங்கதி. 2021 பிப்ரவரியில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், அங்கே உபர் ஓட்டுநர்கள் தனித் தொழில் செய்பவர்கள் என்ற வாதத்தை ஏற்காமல், அவர்கள் தொழிலாளர்கள்தான் என்றது. அதில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு: பயணி உள்ளே இருக்கும் நேரம் மட்டுமல்ல, தங்கள் பகுதிக்குள் ஆப்பை ஆன் செய்து சவாரிக்குத் தயாராகக் காத்திருக்கும் நேரமும் வேலை நேரம் என்றது தீர்ப்பு. உங்கள் நாட்டில் சட்டம் எப்படியோ, உங்கள் நோட்டிலாவது காத்திருந்த நேரத்தை வேலை நேரமாக எழுதுங்கள். அப்போதுதான் மணிக்கு எவ்வளவு சம்பாதிக்கிறீர்கள் என்ற உண்மை தெரியும்.

இதெல்லாம் போக, உங்களையே தேடி அழைக்கும் வாடிக்கையாளர்கள் இருபது பேர் சேர்ந்தால் அதற்கு ஈடே இல்லை. சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் வாசலில் நிற்பது, வண்டியில் நாற்றம் இல்லாமல் வைத்திருப்பது, பேசிய காசுக்கு மேல் கேட்காதது, இவ்வளவுதான் அதற்குச் செய்ய வேண்டியது.

தினமும் ஒரு தொகை வைத்துக்கொண்டு, அது சேர்ந்ததும் வீட்டுக்குப் போகலாமா?

நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள், கேட்கவும் நியாயமாக இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள்: சவாரி மேல் சவாரி கிடைக்கும் நாளில் தொகை சீக்கிரம் சேர்ந்துவிடும், நான்கு மணிக்கே வீட்டுக்குப் போய்விடுவீர்கள். ஈ ஓட்டும் நாளில் தொகை சேராமல் நள்ளிரவு வரை சுற்றுவீர்கள். மணிக்கு அதிகம் கிடைக்கும் நாளில் குறைவாகவும், மணிக்குக் குறைவாகக் கிடைக்கும் நாளில் அதிகமாகவும் உழைக்கிறீர்கள். நேர்மாறாக அல்லவா செய்ய வேண்டும்?

இதை நியூயார்க் ஓட்டுநர்களின் டிரிப் ஷீட்டுகளை, அதாவது ஒவ்வொரு சவாரியையும் குறித்து வைக்கும் தாள்களை, வைத்து 1997-ல் காலின் கேமரர், லிண்டா பாப்காக், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், ரிச்சர்ட் தேலர் என்ற நான்கு பேர் எழுதினார்கள். தேலர் பின்னாளில், 2017-ல், பொருளாதார நோபல் வாங்கியவர். ஓட்டுநர்கள் நாள் கணக்கில் இலக்கு வைப்பதால் நல்ல நாளில் சீக்கிரம் நிறுத்துகிறார்கள் என்றது அந்த ஆய்வு. ஹென்றி ஃபார்பர் என்ற இன்னொரு பொருளாதார ஆய்வாளர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு கிடைத்த இன்னும் பெரிய தரவை வைத்து 2015-ல் அவர் எழுதியதில், பெரும்பாலான ஓட்டுநர்கள் நல்ல வரும்படி உள்ள நேரத்தில் கூடுதலாகத்தான் ஓட்டுகிறார்கள் என்றார். இரண்டு பக்கமும் வாதம் இருக்கிறது, ஆனால் ஓட்டுநருக்கு எது லாபம் என்பதில் வாதமே இல்லை. தொகை வைக்காதீர்கள், நேரம் வையுங்கள். நல்ல நாளில் ஒரு மணி நேரம் கூட்டுங்கள், மந்தமான நாளில் ஒரு மணி நேரம் முன்னால் நிறுத்திவிட்டுப் போய்த் தூங்குங்கள்.

ஃபார்பர் மழையைப் பற்றிச் சொன்னதும் சுவாரசியமானது. மழை பெய்தால் டாக்சிக்காரனுக்குக் கொண்டாட்டம் என்று ஊரே நினைக்கிறது. மழையில் சவாரி தட்டுப்பாடில்லாமல் கிடைக்கும், சரிதான், ஆனால் சாலையும் நகராது. மணிக்கு வரும் வருமானம் மழையில் கூடவில்லை என்றுதான் அவர் கணக்கு காட்டியது. தேங்கிய தண்ணீருக்குள் வண்டியை இறக்கி இன்ஜினுக்குச் செலவு வைத்துக்கொண்டவர்கள் இதை ஆய்வு இல்லாமலே சொல்வார்கள்.

மேப் இருக்கும்போது வழி தெரிந்திருக்க வேண்டுமா?

மேப் இருந்தால் போய்ச் சேர்ந்துவிடலாம், தொழில் செய்ய முடியாது. எந்தப் பள்ளிக்கூட வாசல் எத்தனை மணிக்கு அடைக்கும், எந்த மருத்துவமனைக்கு எந்தக் கேட், எந்தக் குடியிருப்பின் பின்வாசல் இரவு பூட்டியிருக்கும், எங்கே இறக்கினால் உடனே அடுத்த சவாரி கிடைக்கும், இதையெல்லாம் மேப் சொல்லாது.

இந்த விஷயத்தில் லண்டனை மிஞ்ச ஆளில்லை. கறுப்பு டாக்சி ஓட்ட அங்கே 'நாலெட்ஜ்' என்ற தேர்வு, 1865-லிருந்து நடக்கிறது. நகரின் நடுவில் இருக்கும் சேரிங் கிராஸிலிருந்து ஆறு மைல் தூரத்துக்குள் சுமார் 25,000 தெருக்கள், அவற்றைக் கோத்து 320 வழித்தடங்கள், வழியில் இருக்கும் முக்கியமான கட்டடங்கள், எல்லாம் மனப்பாடமாக வேண்டும். படிப்பவர்கள் கைப்பிடியில் வரைபடத்தை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் தெருத் தெருவாகச் சுற்றுவார்கள். தேர்வாளர் எதிரே உட்கார்ந்து இரண்டு இடங்களைச் சொல்வார், இவர் தெருப் பெயர்களை வரிசையாக, எங்கே இடது எங்கே வலது என்று வாயாலேயே ஓட்டிக் காட்ட வேண்டும். தேறுவதற்கு மூன்று நான்கு ஆண்டு ஆவது சகஜம். எலினார் மக்வயர் என்ற நரம்பியல் ஆய்வாளரும் அவருடைய குழுவும் 2000-ல் இந்த ஓட்டுநர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தபோது, இடங்களை நினைவில் வைக்கும் ஹிப்போகாம்பஸின் பின்பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தது. 2011-ல் வந்த அடுத்த ஆய்வு, பயிற்சிக்கு முன்னும் பின்னும் பார்த்து, தேர்வில் தேறியவர்களுக்குத்தான் அந்த மாற்றம் வந்திருந்தது என்றது.

உங்களுக்கு அந்த அளவு தேவையில்லை. முதல் மூன்று மாதம், தெரிந்த இடத்துக்குப் போகும்போது மேப்பை அணைத்துவிட்டு ஓட்டுங்கள், அது போதும்.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓட்டலாம்?

பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், பெருமையாகவும் சொல்வார்கள். பத்துதான் என் வரம்பு, அதிலும் நடுவில் இறங்கி நடக்க வேண்டும்.

எத்தனை மணி நேரம் ஸ்டியரிங் பிடித்தோம் என்பதைவிட எத்தனை மணி நேரமாக விழித்திருக்கிறோம் என்பதைப் பாருங்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் நிதானம், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் நிதானத்துக்குச் சமம் என்று 1997-ல் வெளியான ஒரு ஆய்வு காட்டியது. அது பல நாடுகளில் குடித்துவிட்டு ஓட்டும் குற்றத்துக்கான வரம்பு. அதாவது காலை ஐந்து மணிக்கு எழுந்தவர் இரவு பத்து மணிக்கு, ஒரு சொட்டுகூடக் குடிக்காமல், குடித்தவர் மாதிரி ஓட்டுகிறார். 80 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று நொடி கண் செருகினால் வண்டி 66 மீட்டருக்கு மேல் போய்விடும், யாரும் ஓட்டாமலே.

விடியற்காலை இரண்டிலிருந்து ஆறு மணி வரையும், மதியம் இரண்டிலிருந்து நான்கு வரையும் உடம்பு தானாகத் தூக்கத்துக்குச் சாயும். ஜன்னலைத் திறப்பது, பாட்டைச் சத்தமாக வைப்பது, முகத்தில் தண்ணீர் அடிப்பது எல்லாம் சில நிமிடங்களுக்குத்தான். கொட்டாவி தொடர்ந்து வந்தால், கடைசி இரண்டு சிக்னலைத் தாண்டியது நினைவில்லை என்றால், பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டுங்கள். ஒரு காபி குடித்துவிட்டு உடனே இருபது நிமிடம் தூங்குங்கள். காபி வேலை செய்ய ஆரம்பிக்கவும் ஏறக்குறைய அந்த நேரம்தான் ஆகும், எழும்போது இரண்டும் சேர்ந்து கைகொடுக்கும். இதுவும் தற்காலிகம்தான், வீட்டுக்குப் போகும் வரை தாங்கும்.

உடம்பு கெட்டுப்போகும் என்கிறார்களே?

பார்த்துக்கொள்ளாவிட்டால் கெடும். முதுகு முதலில். உட்கார்ந்த இடத்திலேயே வேலை, கூடவே வண்டியின் அதிர்வு. முதல் வேலையாகப் பின்பாக்கெட்டில் இருக்கும் பர்ஸை எடுத்துவிடுங்கள், இடுப்பு ஒரு பக்கம் தூக்கியபடி பத்து மணி நேரம் உட்கார்ந்தால் காலுக்கு ஓடும் நரம்பு அழுந்தி வலி ஆரம்பித்துவிடும். சீட்டைச் சரிசெய்ய எளிய வழி: பிரேக்கை முழுதாக மிதித்த நிலையிலும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும், முதுகு சீட்டில் பட்டபடி கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் மேல்விளிம்பில் உட்கார வேண்டும். சாய்ந்து படுத்து ஓட்டுவது ஸ்டைல், கழுத்துக்கு எமன்.

அடுத்தது யாரும் வெளியே பேசாத விஷயம், சிறுநீரை அடக்குவது. கழிப்பறை கிடைக்காது என்று பயந்து தண்ணீரே குடிக்காமல் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள், கடைசியில் நீர்த்தாரைத் தொற்றும் சிறுநீரகக் கல்லும் வந்து நிற்கும். ஓட்டும் பகுதியில் சுத்தமான கழிப்பறை எங்கெங்கே இருக்கிறது என்பதும் டாக்சிக்காரருக்கு வழி தெரிவதில் சேர்த்திதான். பெட்ரோல் பங்க், மருத்துவமனை, ரயில் நிலையம் என்று மனதில் ஒரு வரைபடம் வைத்துக்கொள்ளுங்கள்.

வெயிலையும் சொல்ல வேண்டும். பக்கவாட்டுக் கண்ணாடி சூட்டைக் குறைத்தாலும் வெயிலில் இருந்து தோலைக் கெடுக்கும் யு.வி.ஏ என்ற புற ஊதாக் கதிரைப் பெரும்பாலும் உள்ளே விட்டுவிடும். 28 ஆண்டுகள் லாரி ஓட்டிய ஒருவரின் முகம் 2012-ல் ஒரு மருத்துவ இதழில் வந்தது, ஜன்னல் பக்கக் கன்னம் மட்டும் சுருங்கித் தொங்கி, ஒரே முகத்தில் இரண்டு வயது தெரிந்தது. முழுக்கைச் சட்டை போடுங்கள், சன்ஸ்கிரீன் தடவினால் யாரும் கேலி செய்ய மாட்டார்கள், செய்தாலும் போகட்டும்.

பயணியோடு பேச வேண்டுமா?

ஏறியதும் வணக்கம், போகும் இடத்தை ஒருமுறை உறுதிசெய்வது, ஏ.சி. போதுமா என்று கேட்பது. அதற்குமேல் அவர்தான் ஆரம்பிக்க வேண்டும். போனை எடுத்துவிட்டால், கண்ணை மூடிவிட்டால், பேச்சு முடிந்தது. அரசியலும் மதமும் வண்டிக்கு வெளியே. அழுதுகொண்டே வருபவர்கள் உண்டு, அவர்களிடம் எதுவும் கேட்காமல் கண்ணாடியில் பார்ப்பதைத் தவிர்த்துவிட்டு மெதுவாக ஓட்டினாலே போதும். நீங்கள் போனில் பேசாதீர்கள், ஹெட்செட்டிலும்.

குடித்துவிட்டு ஏறுபவர், காசு தராதவர், வம்பிழுப்பவர் வந்தால்?

ஏற்றுவதற்கு முன் கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாக நான்கு வார்த்தை பேசுங்கள். நிற்க முடிகிறதா, போகும் இடத்தைச் சொல்ல முடிகிறதா, கூட வருபவர் நிதானமாக இருக்கிறாரா என்று தெரிந்துவிடும். ஊரைத் தாண்டிப் போகிற ராத்திரிச் சவாரி என்றால் முன்பணம் கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

பின்சீட்டில் தூங்கிவிட்டார், இடம் வந்தும் எழவில்லை, என்ன செய்வீர்கள்? முதலில் வெளிச்சமான, ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் நிறுத்துங்கள். உள்விளக்கைப் போடுங்கள், எல்லா ஜன்னலையும் இறக்குங்கள், இன்ஜினை அணைத்துவிடுங்கள், சாவி உங்கள் கையில் இருக்கட்டும். இறங்கி வெளியே நின்று சத்தமாகக் கூப்பிடுங்கள். தொட்டு உலுக்காதீர்கள், திடுக்கிட்டு எழுபவர் கையை வீசலாம், பர்ஸைக் காணோம் என்று பிறகு உங்கள் மேல் பழியும் வரலாம். பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து வீட்டாரை அழைக்கிறேன் என்றும் போகாதீர்கள். எழவே இல்லை என்றால் போலீஸுக்கு அழையுங்கள், மூச்சு சரியில்லை, வாந்தி எடுத்துவிட்டு மயங்கிக் கிடக்கிறார் என்றால் ஆம்புலன்ஸுக்கு அழையுங்கள்.

காசு தராமல் ஓடுபவரைத் துரத்தாதீர்கள். ஒரு சவாரிக் காசு போனால் போகட்டும், இருட்டுச் சந்துக்குள் அவருக்கு நண்பர்கள் இருக்கலாம். கத்தியைக் காட்டினால் பணத்தைக் கொடுத்துவிடுங்கள், அதனால்தான் கையில் பெரிய தொகை வைத்து ஓட்டக் கூடாது. உள்ளேயும் வெளியேயும் பதிவாகும் கேமரா ஒன்று மாட்டுங்கள், கேமரா இருக்கிறது என்று ஒரு ஸ்டிக்கரும் ஒட்டுங்கள். பாதிப் பிரச்சினை அந்த ஸ்டிக்கரிலேயே அடங்கிவிடும்.

பெண்கள் இந்தத் தொழிலுக்கு வரலாமா?

1915 புத்தாண்டு அன்றே நியூயார்க்கில் வில்மா ரஸ்ஸி என்ற பெண் டாக்சி ஓட்ட ஆரம்பித்துவிட்டார், இன்னும் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். வரலாம். பாதுகாப்பைப் பற்றி மேலே சொன்னது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான், கழிப்பறைப் பிரச்சினை பெண்களுக்கு இன்னும் கடுமை. பெண் ஓட்டுநரையே கேட்டு அழைக்கும் பெண்கள், வயதானவர்கள், பள்ளிக் குழந்தைகளின் பெற்றோர் எங்கும் இருக்கிறார்கள், நிலையான வாடிக்கை சீக்கிரம் சேரும்.

மின்சார வண்டி வாங்கலாமா?

சார்ஜ் போட உங்களுக்கென்று ஓர் இடம், வீட்டிலோ ஷெட்டிலோ, இருந்தால் யோசியுங்கள். நகரத்து நெரிசலில் நின்று நின்று போவதற்கு மின்சார வண்டி ரொம்பப் பொருத்தம், கிலோமீட்டருக்கு ஆகும் செலவு குறையும், ஆயில் மாற்ற வேண்டாம், வேகம் குறையும்போது மோட்டாரே பிடித்துக்கொள்வதால் பிரேக் பேடும் நாள்பட வரும். சீனாவின் ஷென்சென் நகரம் 2018 முடிவதற்குள் ஏறக்குறைய எல்லா டாக்சிகளையும் மின்சாரத்துக்கு மாற்றிக் காட்டியது. ஆனால் பொது சார்ஜரை மட்டும் நம்பினால், வரிசையில் நிற்கும் நேரமும் சார்ஜ் ஏறும் நேரமும் உங்கள் சம்பாதிக்கும் நேரத்திலிருந்து போகும். பேட்டரி வாரண்டியில் இத்தனை ஆண்டு அல்லது இத்தனை கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது என்று இருக்கும். டாக்சிக்கு எப்போதும் கிலோமீட்டர்தான் முதலில் வரும். வாடகை வண்டிக்கு அந்த வாரண்டி முழுதாகச் செல்லுமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஓட்டுநர் இல்லாத கார் வந்து வேலை போய்விடாதா?

வந்தேவிட்டது. வேமோ நிறுவனம் 2020-லிருந்து அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் பகுதியில் முன்சீட்டில் ஆளில்லாத டாக்சியைப் பொதுமக்களுக்கு ஓட்டுகிறது, பிறகு சான் ஃபிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சலிஸ் என்று பரவியது. இன்னொரு பக்கம், ஜெனரல் மோட்டார்ஸின் குரூஸ் நிறுவன வண்டி 2023 அக்டோபரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் வேறொரு கார் மோதித் தன் முன்னே விழுந்த பெண்ணை இழுத்துக்கொண்டு நகர்ந்தது, அதோடு அதன் அனுமதி ரத்தானது, 2024 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் அந்த ரோபோ டாக்சித் திட்டத்துக்குப் பணம் போடுவதையே நிறுத்தியது. எனவே எல்லா ஊருக்கும் ஒரே நாளில் வராது. அகலமான சாலை, ஒழுங்கான கோடு, நல்ல வரைபடம் உள்ள இடங்களுக்கு முதலில் வரும்.

என் கணிப்பு என்றால், மொபைலில் அழைத்து ஏறி இறங்கும் சின்னச் சவாரிகள்தான் முதலில் போகும். வயதானவரைக் கைத்தாங்கலாக மருத்துவமனைக்குள் கொண்டுபோய் விட்டு, டோக்கன் போட்டு, காத்திருந்து திரும்பக் கூட்டிவருவது, ஐந்து பெட்டியும் இரண்டு குழந்தைகளுமாகக் குடும்பத்தை வெளியூர் அழைத்துப்போவது, சக்கர நாற்காலியோடு ஏற்றுவது, இதற்கெல்லாம் ஆள் வேண்டும். இருபது வயதில் இந்தத் தொழிலுக்கு வருகிறீர்கள் என்றால் அந்த மாதிரி வேலைகளை நோக்கி இப்போதே நகருங்கள். ஐம்பதில் வருகிறீர்கள் என்றால் இதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

எத்தனை நாளில் எனக்கு ஒத்துவருமா என்று தெரியும்?

மூன்று மாதம். நோட்டை எடுத்து, எல்லாச் செலவும் வண்டித் தேய்மானமும் கழித்த மீதியை, காத்திருந்த நேரத்தையும் சேர்த்த மொத்த மணி நேரத்தால் வகுங்கள். வருகிற எண்ணை, உங்களுக்குக் கிடைக்கக்கூடிய வேறு வேலையின் மணிச் சம்பளத்தோடு வைத்துப் பாருங்கள். குறைவாக இருந்தால், ஓட்டும் நேரத்தையும் இடத்தையும் மாற்றி இன்னொரு மாதம் பாருங்கள். அதற்குப் பிறகும் குறைவு என்றால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். பள்ளி வேன், கம்பெனி வண்டி, ஆம்புலன்ஸ், டெலிவரி என்று இதே அனுபவத்துக்குச் சம்பளம் தருபவர்கள் இருக்கிறார்கள், விபத்தில்லாமல் ஓட்டிய பதிவைத்தான் அங்கே முதலில் கேட்பார்கள்.